ஒரு மூட்டை பனியன் வேஸ்ட்

1

சைலன்சர் மாற்றி எழுபத்தொரு மணி நேரம் கழித்து அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது.

இதுதான் என் முதல் வாக்கியம். இதில் 'எழுபத்தொரு' என்பது நான் சேர்த்தது. இந்த விஷயத்தை எனக்குச் சொன்ன அன்புசெல்வி, "மூணு நாளுங்கூட முழுசா ஆகலீங்க" என்றுதான் சொன்னாள். மூன்று நாளுக்கு எழுபத்திரண்டு மணி. அதில் ஒன்றைக் கழித்தேன். வேதியியல் படித்தவளுக்கு எண் இல்லாத வாக்கியம் ஒற்றைக் காலில் நிற்பது போலத் தோன்றும். அதைத் தவிர வேறு நியாயம் இல்லை. ஆகவே இந்தக் கதையில் எண் வரும் இடங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

கதை எனக்குக் கிடைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009-இல் திருப்பூர் ராயபுரத்தில் ஒரு துணிப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தேன். பனியன் கம்பெனிகள் அனுப்பும் துணியின் சாயம் போகிறதா, துவைத்தால் சுருங்குகிறதா, என்ன நூலால் ஆனது என்று பார்த்துச் சொல்லும் வேலை. ஒரு மத்தியானம் அன்புசெல்வி படியேறி வந்தாள். கையில் டிபன் பாக்ஸ். சோறு இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகல வெள்ளைத் துணி ஒன்று இருந்தது. பக்கத்தில், காகிதத்தில் மடித்து, கரித்துண்டு போல ஒரு கறுப்புக் கட்டி.

"இந்தத் துணி என்னன்னு உறுதியாத் தெரியோணுங்க. ரிப்போர்ட்டெல்லாம் வேண்டாமுங்க, எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

சோதனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அவ்வளவு நேரமும் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு அதுதான் வரும். முடிந்ததும் பீக்கரைத் தூக்கி அவளிடம் காட்டினேன். வாயால் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பார்த்தாள். "செரீங்க" என்றாள். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு இறங்கிப் போனாள்.

பீக்கரில் என்ன இருந்தது என்பதை இப்போது சொல்லப்போவதில்லை. [இது பழைய தந்திரம் என்று தெரியும். ஆனால் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்லாமல் இருந்ததுதான் இந்தக் கதை. நான் மட்டும் முந்திக்கொள்ள முடியாது.]

2

அருள்புரத்தில் மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி டேனியலின் கார் பட்டறை. டேனியல் அன்புசெல்வியின் கணவன். எந்தச் சத்தத்தையும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் பேசுவான். பல நேரம் கேட்டுவிட்டுப் பேசாமலே இருந்துவிடுவான். அவனிடம் வெல்டிங் பார்ப்பவன் அந்தோணிராஜ். தூத்துக்குடிப் பக்கம். ('பிழைப்புத் தேடி வந்தவன்' என்று எழுதி அடித்தேன். அவனுடைய அக்கா இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தாள், அவளைக் கொண்டுவந்து விட வந்தவன் அப்படியே தங்கிவிட்டான்.)

மூன்றாவது ஆள் குருசாமி. பனியன் கம்பெனி முதலாளி. கட்டிங் மாஸ்டராகத் தொடங்கி, முப்பது வருஷத்தில் ஏற்றுமதி வரைக்கும் வந்தவர். 'நூறு சதம் காட்டன்' என்ற லேபிள் தைத்த சரக்கைத் தவிர வேறெதுவும் தன் வாசலைத் தாண்டாது என்பதைப் பெருமையாகச் சொல்வார். அன்புசெல்வி அவருடைய கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். அவரிடம் வேலை செய்வது மனைவி, அவர் வண்டிகளைப் பார்ப்பது கணவன், இரண்டு வழியிலும் அந்தக் குடும்பம் குருசாமிக்குக் கட்டுப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குருசாமி சென்னையிலிருந்து இரண்டாங்கையாக ஒரு வெளிநாட்டுக் காரை வாங்கி வந்தார். வண்டி சொகுசாக ஓடியது. சத்தம்தான் போதவில்லை.

"வர்றது தெரியோணும் டேனியலு. இப்ப பூனையாட்ட வருது."

பெட்டியில் பாகங்கள் வந்தன. என்ஜினிலிருந்து புகையை வாங்கும் புதுக் குழாய்கள், கடைசியில் தண்டியான ஒரு சைலன்சர். நடுவில் இருக்கும் கன்வர்ட்டர் மட்டும் வண்டியோடு வந்த பழையது. அது புகையைச் சுத்தப்படுத்தும் உருளை. உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான், அதன்மேல் பிளாட்டினப் பூச்சு. அந்தப் பூச்சுக்காகவே உடைத்து விற்பவர்கள் உண்டு. அதற்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டேனியல் ஆலயத்துக்குப் போயிருந்தான். அந்தோணிராஜ் முதல் பூசை பார்த்துவிட்டு வந்து, தனியாக நின்று புதுக் குழாயைக் கன்வர்ட்டரோடு வைத்து வெல்டு அடித்து முடித்தான். மத்தியானம் வண்டியைக் கிளப்பினார்கள். தெருவில் நாய்கள் எழுந்து நின்றன. குருசாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு அந்த எழுபத்தொரு மணி நேரம். பிறகு, என்ஜினில் கோளாறு என்று காட்டும் அந்த மஞ்சள் விளக்கு.

டேனியல் ஸ்கேனரைச் செருகினான். திரையில் பி 0420 என்ற எரர் கோடு வந்தது.

"என்னவாம்?" என்றார் குருசாமி.

"கன்வர்ட்டர் செரியா வேலை செய்யலேங்குதுங்ணா. பைப்பு மாத்துனா சில வண்டிக்கு இப்படி வருமுங்க. அழிச்சுட்டு ஓட்டிப் பாக்கலாமுங்க."

அழித்தார்கள். மறுநாள் பல்லடம் போய்த் திரும்பும்போது மறுபடி எரிந்தது. ஏற்றத்தில் வண்டி இழுக்கவும் இல்லை.

டேனியல் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தான். குழாய் இணைப்புகளில் புகை கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான். ஒரு குமிழியும் வரவில்லை. பின் சென்சாரைக் கழற்றி வேறொன்றை மாட்டினான், அதே கோடு. முன் சென்சார் நன்றாகவே இருந்தது. மிஞ்சியது கன்வர்ட்டர். கன்வர்ட்டரைக் கடைசியாகத் தொட்டவன் அந்தோணிராஜ். அப்போது பட்டறையில் வேறு யாரும் இல்லை.

இதை டேனியல் யாரிடமும் சொல்லவில்லை. அன்று டீக்கடைக்கு அந்தோணிராஜைக் கூப்பிடாமல் போனான்.

3

இந்த இடத்தில் கதையை நிறுத்திக் கோடு பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

எந்தப் பாகம் கெட்டது என்பது கோடுக்குத் தெரியாது. கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரும் பின்னால் இருக்கும் சென்சாரும் ஒரே மாதிரிப் பேசுகின்றன, இடையில் நடக்க வேண்டியது நடக்கவில்லை, அவ்வளவுதான் அதன் புகார். ஏன் நடக்கவில்லை என்பதை மனிதர்கள் இட்டு நிரப்புகிறார்கள். நிரப்பும்போது கைக்கு எட்டுகிற ஆளை எடுத்து நிரப்புகிறார்கள்.

நானும் அப்படித்தான் செய்தேன். என் முதல் பிரதியில் இந்த வரிகள் இருந்தன:

அந்தோணிராஜின் கண்கள் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல்——

ஞாயிறு மாலை அவன் சைக்கிள் கேரியரில் கனமான ஏதோ ஒன்று——

கோயம்புத்தூரில் இதை வாங்கும் ஆளை அவனுக்கு——

மூன்றையும் முடிக்காமல் விட்டேன். எழுதும்போது வாக்கியங்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. அவனைத் திருடனாக்க நான் ஒரு காரணம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வெளியூர்க்காரன், ஆளில்லாத பட்டறை, ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சுலபம்தான் என்னை உறுத்தியது. லேபில் ஒரு முடிவு சுலபமாக வந்தால் சாம்பிளை மாற்றிவிட்டோமோ என்று முதலில் பார்ப்போம்.

4

கன்வர்ட்டரைக் கழற்றிய அன்று குருசாமி பக்கத்திலேயே நின்றார். அவருடைய மருமகன் இன்டர்நெட்டில் பார்த்துச் சொல்லியிருந்தான், பிளாட்டினம் பற்றி.

டேனியல் டார்ச் அடித்தான். தேன்கூட்டின் ஒரு பக்கம் பாதி இடிந்து போயிருந்தது. இடிந்த இடத்தைக் காணவில்லை. மிச்ச முகத்தில் தார் ஊற்றிக் காய்ந்தது போலக் கறுப்பாக, கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினான். ஒரு கட்டி பெயர்ந்து கையில் விழுந்தது.

"பாதியக் காணோம்" என்றார் குருசாமி.

"அந்தோணி, உள்ள ஏதாச்சும் வச்சியா?" டேனியல் கேட்டான்.

"வேஸ்ட்டு துணிதான்ணே வச்சேன். வெல்டு பொறி உள்ள விழுந்துரக் கூடாதுல்லா."

"எடுத்தியா?"

அந்தோணிராஜ் சிரித்தான். கேள்வி அவனுக்கு அவ்வளவு வேடிக்கையாக இருந்தது. "எதுக்குண்ணே எடுக்கணும்? பனியன் வேஸ்ட்டுதான. வண்டி சூடானா எரிஞ்சு தூசியாப் பறந்துரும். நான் வந்த நாள்லேர்ந்து அப்படித்தான வைக்கேன். நீங்களும் அப்படித்தான் வைப்பிய."

அது உண்மை. டேனியலும் அப்படித்தான் வைப்பான்.

[வேறு ஊர் மெக்கானிக் யாராவது இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம். திருப்பூரில் துணிக்கழிவு தண்ணீரைவிடத் தாராளம். கை துடைக்க, ஆயில் துடைக்க, ஓட்டை அடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். பருத்தி எரிந்தால் காகிதம் போல எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும் என்பது இங்கே பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். அந்த நம்பிக்கையில் குழாய்க்குள் விட்டுவிடுவார்கள். இதுவரை எந்த வண்டியும் புகார் சொன்னதில்லை.]

குருசாமி அந்தக் கட்டியைக் கேட்டு வாங்கினார். விரலால் உருட்டிப் பார்த்தார். நகத்தால் கீறினார். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, டேனியலிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

"தாரு. வேறென்ன? பாதிய ஒடச்சு வித்துட்டு, மீதி தெரியாம இருக்கத் தாரைப் பூசி வச்சிருக்கான்."

"நான் எடுக்கலண்ணே" என்றான் அந்தோணிராஜ். இப்போது சிரிப்பு இல்லை.

"உன்னக் கேக்கல. டேனியலு, உன்ற மொகத்துக்காக நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் பாக்கறன். எடுத்தத எடுத்த எடத்துல வைக்கச் சொல்லு. இல்லீன்னா ஸ்டேசன்ல விசாரிக்கட்டும்."

அந்தோணிராஜ் டேனியலைப் பார்த்தான். அவன் எதிர்பார்த்தது ஒரே ஒரு சொல்தான் என்று நினைக்கிறேன். டேனியல் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

5

இந்தப் பகுதியில் எனக்கு டேனியல்மேல் கோபம். அதனால் இரண்டு முறை எழுதினேன். முதல் தடவை அவனைக் கோழையாக எழுதினேன். அன்புசெல்வி அப்படிச் சொல்லவில்லை. "அவருக்குச் சத்தம் கேக்காம எதுவும் நம்ப முடியாதுங்க" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுதினேன்.

மறுநாள் விடிந்ததும் டேனியல் பட்டறைக்குப் போய், கழற்றிக் கிடந்த புதுச் சைலன்சரைத் தூக்கி ஆட்டினான். உள்ளே கலகலவென்றது. தலையைச் சாய்த்து இன்னொரு தடவை ஆட்டினான். கவிழ்த்துத் தட்டியதும் பீங்கான் துண்டுகள் விழுந்தன. காணாமல் போன பாதி முழுக்க அங்கே இருந்தது. யாரும் எதையும் விற்கவில்லை. அடைப்பால் ஏறிய சூடு தாங்காமல் தேன்கூடு விரிசல் விட்டு, உடைந்து, புகையோடு பின்னால் போய் விழுந்திருக்கிறது.

குருசாமிக்குப் போன் செய்து சொன்னான். குருசாமி சந்தோஷப்படவில்லை.

"துண்டப் போட்டு வைக்கறதுக்கு எத்தன நேரம் ஆகும்? தாரு எப்படி வந்துச்சு, அதச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

டேனியல் வீட்டுக்குத் திரும்பினான். அன்புசெல்வி கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவன் கறுப்புக் கட்டியைச் சாப்பாட்டுத் தட்டு ஓரமாக வைத்தான்.

"ஏம்புள்ள, காட்டன் எரிஞ்சா இப்படிக் கட்டியாகுமா?"

அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னியதை அவிழ்த்து மறுபடி தொடங்கினாள்.

"பட்டறைல இருக்கற வேஸ்ட்டு மூட்டை, நீ கொண்டாந்ததுதான?"

"ஓனர் குடுத்தாரு."

"எப்பவும் வேஸ்ட்டு யாவாரிக்குத்தான போடுவாரு? ஒரு துண்டு வெளிய விட மாட்டாரு. இப்ப மூட்டையவே சும்மா குடுத்துருக்காரு."

"குடுத்தா வாங்கக் கூடாதா?"

"செல்வி, உனக்கு ஏதோ தெரியுது."

"எனக்கு நேரமாச்சுங்க."

நேற்றுவரை அந்தோணிராஜ்மேல் இருந்த சந்தேகம் இன்று காலை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. டேனியல் அவளுடைய பின்னலைப் பார்த்தான். எட்டு வருஷமாகப் பார்க்கும் பின்னல்.

அவளுக்கு என்ன தெரியும் என்று என்னிடம் அவளே சொன்னாள். அந்த மூட்டை ஒரு குறிப்பிட்ட லாட்டின் கட்டிங் கழிவு. அதை வியாபாரிக்குப் போட வேண்டாம் என்று குருசாமி தனியாகக் கட்டி வைக்கச் சொன்னார். "உன்ற ஊட்டுக்காரன் பட்டறைக்கு எடுத்துட்டுப் போ கண்ணு, ஆயில் தொடைக்க ஆகும்" என்றார். அதற்கு முந்தின வாரம் அயர்னிங் மாஸ்டர் வீரணன் அவளிடம் அதே லாட்டுப் பனியன் ஒன்றைக் கொண்டுவந்து, "பெட்டி பட்டா மினுக்குதுக்கா. இழுக்குது" என்று காட்டிவிட்டுப் போனான். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள், மடித்தாள், பாஸ் ஆன அடுக்கில் வைத்தாள்.

"அன்னைக்கே ஓனர்கிட்டக் கேட்டிருக்கோணுங்க. கேட்டா, எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சுருமில்லீங்களா?"

இந்த வாக்கியத்தை நான் திருத்தவில்லை. அவள் சொன்னபடியே இருக்கிறது.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அந்தோணிராஜ் அன்று மத்தியானமே பை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறான். ஜன்னலோர சீட், பின்னால் போகும் சாயப்பட்டறைகள். சோகம் நன்றாக அமைந்தது. ஆனால் அவன் போய்விட்டால் திருடன் என்று ஆகிவிடும். அவன் அக்கா இந்த ஊரில்தான் இருக்கிறாள். அடித்துவிட்டேன்.

இரண்டாவதில் டேனியல், "துணியை வச்சது நான்தானுங்ணா" என்று பழியை ஏற்கிறான். எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. மறுநாள் படித்தபோது சந்தேகம் வந்தது. துணி வைத்தது தப்பே இல்லை என்பதுதானே பிரச்சினை? எரிந்து போயிருக்க வேண்டியது ஏன் எரியவில்லை என்ற கேள்வியை இந்த முடிவு மூடிவிடுகிறது. குருசாமிக்கு இதைவிட வசதியான முடிவு கிடையாது.

மூன்றாவதில் நானே பட்டறைக்குப் போய்——

இல்லை. நான் போகவில்லை. போகிற ஆள் நானில்லை என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எனக்குத் தெரிந்தது பீக்கர்தான். இனி அதைச் சொல்லலாம். எழுபது சதக் கந்தக அமிலத்தில் பருத்தி கரைந்துவிடும். அந்த மூட்டையிலிருந்து அவள் கொண்டுவந்த துண்டு முழுக்கப் பருத்தியாக இருந்தால், ஒரு மணி நேரத்தில் பீக்கரில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் மிஞ்சக்கூடாது. மிஞ்சியது. சல்லடை போல, பின்னலின் கண்கள்கூடக் கலையாமல், மிதந்துகொண்டிருந்தது: பாலியஸ்டர், சூட்டில் சாம்பலாகாமல் உருகிக் கட்டியாகும் நூல். கழுவி, உலர்த்தி, எடை போட்டு எண் சொல்லியிருக்கலாம். அவள் எண் கேட்கவில்லை. [தொடக்கத்தில், எண் இல்லாத வாக்கியம் சரியாக நிற்காது என்றேனே. நின்றது.]

அவள் ஏற்கெனவே அடுப்பில் காட்டிப் பார்த்திருந்தாளாம். துணி சுருண்டு, உருகி, கறுப்பு மணியாக நின்றதாம். அப்புறமும் ஏன் லேபுக்கு வந்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தனக்கு முன்னால் இன்னொருத்தர் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பாளோ என்னவோ. இது என் ஊகம்.

7

படியிறங்கிப் போனபின் அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. நேராகக் கம்பெனிக்குத் திரும்பியிருக்கலாம். டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு மறுநாள் அதே லாட்டைச் செக்கிங் செய்திருக்கலாம். சொன்னால் அவளுக்கு வேலை போகும். டேனியலுக்கு அருள்புரத்தில் பாதி வண்டிகள் வராது. கப்பலேறக் காத்திருக்கும் சரக்கு நின்றால் அவளோடு உட்கார்ந்து பீஸ் பார்க்கும் பெண்களுக்கும் அந்த வாரம் வேலை இருக்காது. சொல்லாவிட்டால் ஒருவன் திருடன். இந்தத் தராசில் எந்தப் பக்கம் தாழும் என்று எனக்கு நிச்சயமில்லை. நான் என்ன எழுதினாலும் அது என் விருப்பம்தான், நடந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனாலும் எழுதுகிறேன்.

சாயந்திரம். பட்டறை வாசலில் குருசாமி ஸ்கூட்டரை நிறுத்தினார். அந்தோணிராஜ் வெல்டிங் மெஷின் பக்கத்தில் நின்றான். குளித்து, சட்டை மாற்றி, ஸ்டேஷனுக்குப் போகத் தயாராக. டேனியல் ஒரு பேப்பரில் பீங்கான் துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தான்.

"என்ன அந்தோணி, மாப்பிள்ளையாட்ட நிக்கற?"

"கூட்டிட்டுப் போறப்ப அழுக்குச் சட்டையோட போகக் கூடாதுல்லா" என்றான் அவன்.

"வாயிக்குக் கொறச்சலில்ல."

"அண்ணா, இந்தத் துண்டெல்லாம் சேத்தா முழுசா வருதுங்க" என்றான் டேனியல். "எதும் போகலீங்க. அவன் எடுக்கலீங்க." இந்தச் சொல் ஒரு நாள் தாமதமாக வந்தது. அந்தோணிராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப தாரு?"

டேனியலுக்கு அதற்குப் பதில் தெரியாது. தெரியாதா, தெரிய வேண்டாம் என்று இருக்கிறானா என்பதை நான் முடிவு செய்யவில்லை.

அப்போது அன்புசெல்வி உள்ளே வந்தாள். கம்பெனி அடையாள அட்டை இன்னும் கழுத்தில் கிடந்தது.

"நீ எங்க கண்ணு இங்க? ஷிப்டு முடியலயே" என்றார் குருசாமி.

அவள் டிபன் பாக்ஸைத் திறந்து, துணியை எடுத்துக் கார் பானெட்மேல் விரித்தாள். பக்கத்தில் கட்டியை வைத்தாள். குருசாமி கட்டியைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்தார். தொடவில்லை. முப்பது வருஷமாகத் துணியைக் கண்டால் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் இருக்க முடியாத மனிதர், கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"அன்பு, ஊட்டுக்குப் போ. நாளைக்குக் கம்பெனில பேசிக்கலாம்."

இதற்குப் பிறகு நடப்பதை நான் எழுதமாட்டேன். அவள் சொல்லி முடித்ததும் குருசாமி என்ன செய்தார், அந்தச் சரக்கு கப்பலேறியதா, டேனியல் அன்று இரண்டு பேரிடமும் என்ன பேசினான், இதெல்லாம் உங்கள் கையில். எங்கள் லேபுக்கு வேலை கொடுப்பவர்களும் குருசாமி மாதிரியானவர்கள்தான் என்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதுங்கள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். எல்லாருக்கும் தெரிந்திருந்தும் யாரும் சொல்லாதது, லேபில் நான்கூட பீக்கரைத் தூக்கிக் காட்டிச் சொல்லாமல் தப்பித்துக்கொண்டது.

அவள் டேனியலைப் பார்க்கவில்லை. அந்தோணிராஜைப் பார்த்தாள். பிறகு முதலாளியை.

"ஏனுங்ணா, அது தாரில்லீங்க. நம்ம கம்பெனித் துணிங்க. காட்டன்னு லேபிள் தச்சு நாந்தான் பாஸ் பண்ணுனேன். அது காட்டன் இல்லீங்க."